புது வண்டியின் டேங்கில் கிளியர் கோட் கீறல்கள்: ரப்பிங் காம்பவுண்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

வணக்கம். புது வண்டியின் டேங்கில் சாவிக்கொத்து உரசிக் கோடுகள் விழுந்துவிட்டதாகவும், ரப்பிங் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்து எடுக்கும் சொரசொரப்பான பேஸ்ட்) போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். முதலில் டேங்கைக் கழுவித் துடைத்து, கீறலின் மேல் சிறிது தண்ணீர் தடவிப் பாருங்கள்: ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தெரிந்தால், அது பெரும்பாலும் நிறத்துக்கு மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது சிக்கினால் பாலிஷால் முழுமையாகப் போகாது; அடியில் பிரைமரே (நிறத்துக்குக் கீழே உள்ள அடிப்பூச்சு) தெரிந்தால் டச்-அப் பெயின்ட்தான் வழி.

பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதன்று, சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துக் குறைப்பது. அந்தப் படலமே பொதுவாக 40 மைக்ரான் (0.04 மி.மீ.) அளவுதான் என்பதால், மிக மென்மையான ஃபினிஷிங் பாலிஷை ஃபோம் பேடில் எடுத்து, நிழலில், டேங்க் நன்றாக ஆறிய பிறகு, கையாலேயே தொடங்குவது நல்லது. வளைவுகளிலும் விளிம்புகளிலும் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கே அழுத்த வேண்டாம். மேட் ஃபினிஷ் என்றால் பாலிஷே கூடாது, தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாக நிற்கும்.

மங்கலாகச் சில கோடுகள் மிஞ்சினால், அவற்றை அப்படியே விட்டு, தொடை உரசும் இடத்தில் பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கும் ஒளிபுகும் ஃபிலிம்) ஒட்டிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.