பதில்: சென்னை வடிகால் வரைபடம் இடம் மாறி விழுகிறது

தம்பி, பதற வேண்டாம், கோப்பு கெட்டுப்போகவில்லை. சென்னை மழைநீர் வடிகால் ஷேப்ஃபைலை (வரைபடத் தரவுக் கோப்பு) கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால் கோடுகள் ஊருக்கு வெளியே எங்கோ விழுகின்றன, கூடவே எண்கள் எந்த ஆள்கூற்று முறையில் உள்ளன என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பும் இல்லை என்கிறீர்கள், அது இல்லாததுதான் காரணம். கோப்பிலிருந்து நீங்கள் போட்ட ஆள்கூற்று எண்களில் கிழக்கு 4 லட்சத்துச் சொச்சம், வடக்கு 14 லட்சத்துச் சொச்சம் என்று இருக்கிறது, இது டிகிரி இல்லை, மீட்டர். உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் இது 44 வடக்கு மண்டலம். நம்ம காரைக்குடியும் அதே மண்டலம்தான், இங்கே வடக்கு எண் 11 லட்சத்தில் வரும்.

லேயரை வலது கிளிக் செய்து, அதன் ஆள்கூற்று முறையாக இபிஎஸ்ஜி 32644 (இந்த மண்டலத்துக்கான குறியீட்டு எண்) என்று கொடுங்கள். ரீப்ரொஜெக்ட், அதாவது எண்களையே வேறு முறைக்கு மாற்றுவது, இப்போது செய்யாதீர்கள். தப்பான அடையாளத்தோடு செய்தால் தவறு புதுக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும், நான் ஒரு நாள் முழுக்க அதில் தொலைத்திருக்கிறேன்.

அப்புறம் அடியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தை வைத்து, கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளோடு ஒப்பிடுங்கள். சில நூறு மீட்டர் தள்ளி நின்றால் தரவு பழைய எவரெஸ்ட் டேட்டத்தில் (அந்தக் கால இந்திய நில அளவையின் அடிப்படை) இருக்கலாம்.

இது முடிந்ததும் நம்ம ஊர் ஊரணிகளையும் வரத்துக்கால்களையும் இதே முறையில் வரைய ஆரம்பிக்கலாம், தேவகோட்டைப் பக்கம் நான் செய்கிறேன்.