50 காடை முட்டை வைத்து 11 மட்டும் பொரிந்தால், குறை பெட்டியிலா, முட்டையிலா?

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். தெர்மாகோல் பெட்டியில் 40 வாட் குண்டு பல்பு 2, சின்ன ஃபேன், டபிள்யூ1209 தெர்மோஸ்டாட் பொருத்தி நானே இன்குபேட்டர் செய்தேன். பங்குனிக் கடைசியில் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் 50 காடை முட்டை வாங்கி வைத்தேன். 37.5 டிகிரி வைத்து, காலையும் மாலையும் திருப்பிவிட்டேன். 11 குஞ்சுதான் வந்தது. 20-ஆம் நாள் மீதியை உடைத்துப் பார்த்தால் 21 முட்டையில் வெறும் மஞ்சள் கரு, 3-இல் ரத்த வளையம், 15-இல் முழு வளர்ச்சியடைந்த குஞ்சு செத்துக் கிடந்தது. அந்த 15-இல் 6 குஞ்சு ஓட்டைக் கொத்திய பிறகு செத்தவை. சவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கொத்த ஆரம்பித்ததும் மூடியைத் திறந்து தண்ணீர் தெளித்து உதவினேன். "தெர்மாகோல் பெட்டியில் இப்படித்தான் ஆகும், என்னிடமே ஃபுல் ஆட்டோமேட்டிக் மெஷின் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் வியாபாரி. எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். முட்டையை உடைத்து எண்ணி எழுதியது மிக நல்ல காரியம், அந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 21 முட்டை போனதற்கு உங்கள் பெட்டி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அது அநேகமாக அந்த வியாபாரியின் முட்டைக் கோளாறு. 15 குஞ்சு செத்ததுதான் உங்கள் பெட்டியிலும் கையிலும் நடந்தது, அதைப் பெரிய செலவில்லாமல் சரிசெய்யலாம். ரத்த வளையம் வந்த, அதாவது முதல் சில நாளிலேயே கரு செத்த 3 முட்டை எந்தப் பொரிப்பகத்திலும் வரக்கூடிய கழிவு, அதை விட்டுவிடுங்கள்.

முதலில் அந்த 21. எங்கேயும் விற்கிற காடை முட்டையில் பெரும்பகுதி சாப்பிடுவதற்கான முட்டை. முட்டைக்காக மட்டும் காடை வளர்க்கிறவர் ஆண் காடைக்கு வீணாகத் தீவனம் போட மாட்டார். ஆண் சேராத முட்டை எந்த மெஷினில் வைத்தாலும் கூமுட்டைதான். கரு கூடிய முட்டை வேண்டுமென்றால் 3 பெண்ணுக்கு 1 ஆண் என்று சேர்த்து விட்டிருக்க வேண்டும். தாய்க் காடைக்கு வயது 10 வாரத்துக்கு மேல், 25 வாரத்துக்குள் இருப்பது நல்லது. வயது ஏற ஏற முட்டை வரும், கரு கூடாது.

இதை வியாபாரியின் வாய்ச்சொல்லை நம்பி வாங்காதீர்கள், கூண்டுக்கே போய்ப் பாருங்கள். ஆண் காடையைத் திருப்பிப் பிடித்தால் எச்சத்துவாரத்துக்கு மேலே சிவப்பாக ஒரு புடைப்பு தெரியும். அதை லேசாக அழுத்தினால் சோப்பு நுரைபோல வெள்ளை நுரை வர வேண்டும். நுரை வராத ஆண் இனச்சேர்க்கைக்குத் தயாராக இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூண்டைக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் முட்டை வாங்க வேண்டியதில்லை.

கூண்டைப் பார்க்க வழியில்லை என்றால், 50 முட்டையோடு 5 முட்டை கூடுதலாக வாங்கி, அன்றைக்கே ஒரு வெள்ளைத் தட்டில் மெதுவாக உடைத்து ஊற்றுங்கள். மஞ்சள் கருவின் மேல் வெளிறிய ஒரு புள்ளி இருக்கும். கரு கூடிய முட்டையில் அது 3, 4 மில்லிமீட்டர் அகலத்தில், நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் வளையமாகவும் தெரியும். கூடாத முட்டையில் சின்னதாக, அடர்த்தியான வெள்ளையாக, ஓரம் பிசிறுதட்டித் தெரியும். 5-இல் 4 வளையமாக இருந்தால் வையுங்கள். 2 மட்டும் இருந்தால் மொத்தத்தையும் ஆம்லெட் போட்டுவிடலாம், 18 நாள் கரண்ட் மிச்சம்.

இன்னொன்று வெயில். முட்டை சுமார் 21 டிகிரிக்கு மேல் இருந்தாலே உள்ளே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரையில் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கம் கடை அட்டைப்பெட்டியில் 35 டிகிரியில் 5 நாள் கிடந்த முட்டையில் கரு வளர்ந்தும் வளராமலும் செத்திருக்கும். 20-ஆம் நாள் உடைத்தால் அதுவும் வெறும் மஞ்சள் கருவாகவே தெரியும். வியாபாரி "கரு கூடிய முட்டைதான் கொடுத்தேன்" என்று சத்தியம் செய்வார். சத்தியம் உண்மையாகவும் இருக்கலாம், குஞ்சு வராது. இட்ட நாளிலிருந்து 7 நாளுக்குள், 15 முதல் 18 டிகிரியில் வைத்திருந்த முட்டைதான் அடைக்கு உதவும். வீட்டில் வைப்பதானால் ஈரமணல் மேல் மண்பானை, கூர்முனை கீழாக. ஃபிரிட்ஜ் வேண்டாம், அந்தக் குளிர் கருவைக் கெடுக்கும். பஸ்ஸில் வந்த முட்டையை வந்ததும் பெட்டிக்குள் வைக்காமல் ஓர் இரவு அப்படியே நிமிர்த்தி வைத்தால் உள்ளே இருக்கும் காற்றறை நிலைக்கு வரும்.

விற்கிற முட்டையில் இட்ட தேதி எழுத வைக்க யாருமில்லை. கோழிக்குஞ்சு வேண்டுமென்றால் கிடைக்கும் இடமுண்டு. 50 காடைக் கருமுட்டை வேண்டுமென்று ஒரு சின்ன விவசாயி கேட்டால் பல இடத்தில் விண்ணப்பம், முன்பதிவு, "அடுத்த மாதம் வாருங்கள்" என்றே பதில் வரும். அந்த ஒரு மாத இடைவெளியில்தான் தரகர் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "ஒரிஜினல் நாமக்கல் காடை" என்று பெயரையும் ஒட்டிவிடுகிறார். முட்டையைப் பார்த்து அது எந்த ரகம் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். தருமபுரி குண்டலப்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும், ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரியும் இருக்கின்றன. நேரில் போய், கருமுட்டையோ ஒரு நாள் குஞ்சோ எங்கே, எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள்.

இனி உங்கள் பக்கத்துத் தவறு, அந்த 15 குஞ்சு. சவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கடைசி 3 நாள் ஈரப்பதம் பற்றவில்லை, அதற்குமேல் மூடியையும் திறந்திருக்கிறீர்கள். காடைக் குஞ்சு ஓட்டைக் கொத்திவிட்டு 10, 12 மணி நேரம் அசையாமல் இருப்பது சகஜம். அந்த நேரத்தில்தான் சவ்விலுள்ள ரத்தம் உடம்புக்குள் வற்றும், மீதி மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடும். நீங்கள் பதறி மூடியைத் திறந்தால் உள்ளே 70 சதம் ஈரம் இருந்தாலும் அது சில நொடியில் வெளியே போய்விடும். வெளியே பங்குனிக் காற்று காய்ந்து கிடக்கிறது. மூடியை மறுபடி மூடி, ஈரம் பழைய நிலைக்கு ஏறுவதற்குள் சவ்வு தோல்போல இறுகிக் குஞ்சைக் கட்டிவிடும். தெளித்த தண்ணீர் முட்டையைக் குளிர வைத்ததே தவிர ஈரப்பதத்தை நிலைநிறுத்தவில்லை. ஒரு குஞ்சுக்கு உதவப்போய் 6 குஞ்சை இழந்தது இப்படித்தான்.

15-ஆம் நாள் காலை திருப்புவதை நிறுத்துங்கள், முட்டையைப் படுக்க வையுங்கள், கீழே சொரசொரப்பான கோணித்துண்டு போடுங்கள், மூடுங்கள். குஞ்சு எல்லாம் வந்து உலரும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றுவதற்கு மருத்துவமனை குளுக்கோஸ் ட்யூப் ஒன்றைப் பெட்டியின் ஓரத் துளை வழியாகத் தட்டுக்குள் விட்டால் போதும், வெளியிலிருந்தே வெதுவெதுப்பான தண்ணீர் விடலாம். ஈரப்பதம் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்ததல்ல, பரப்பைப் பொறுத்தது. முதல் 14 நாளுக்கு ஒரு தட்டு, அளவு 50 முதல் 55 சதம். 15-ஆம் நாளிலிருந்து இன்னொரு அகலமான தட்டும் அதில் நிற்கிற ஒரு துணித்துண்டும் சேர்த்து 70 சதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே தட்டுகள் அதிகமாகிவிடலாம், அப்போது சின்னத் தட்டு வையுங்கள்.

மீட்டர் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். மலிவு ஈரப்பத மீட்டரில் 10 சதம் தவறு சாதாரணம். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். 65 காட்டினால் உங்கள் மீட்டர் 10 குறைத்துச் சொல்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

மீட்டரைவிட நம்பகமானது தராசு. 50 காடை முட்டை ஏறக்குறைய 550 கிராம் இருக்கும். வைக்கும் நாளில் மொத்தமாக எடை போடுங்கள். முட்டை நாளுக்கு நாள் தண்ணீரை இழந்து 14-ஆம் நாள் 100-க்கு 12 குறைந்திருக்க வேண்டும், அதாவது 484 கிராம் அளவில். 7-ஆம் நாளே 500-க்குக் கீழே போய்விட்டால் பெட்டி வறண்டிருக்கிறது, தட்டைப் பெரிதாக்குங்கள். 530-லேயே நிற்கிறது என்றால் ஈரம் அதிகம், தண்ணீரைக் குறையுங்கள். ஈரம் அதிகமான பெட்டியில் குஞ்சு கொழகொழவென்று ஊறிப்போய், ஓட்டைக் கொத்தாமலேயே சாகும். கொத்தாமல் செத்த உங்கள் 9 குஞ்சில் அப்படி ஏதும் இருந்ததா என்று அடுத்த முறை பாருங்கள். ஒருநாளைக்கு 2 முறை மட்டும் திருப்பியதும் அந்த 9-க்கு ஒரு காரணமாக இருக்கலாம். 5 முறை திருப்புங்கள். ஒற்றைப்படையாக இருந்தால்தான் ஒவ்வொரு நீண்ட இரவும் முட்டை அதே பக்கமாகக் கிடக்காது. பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டால் குழப்பம் வராது.

உங்கள் தெர்மோஸ்டாட்டில் ஒரு பொறி இருக்கிறது, விற்பவர் யாரும் சொல்வதில்லை. டபிள்யூ1209-இல் பி1 என்ற அமைப்பு கடையிலிருந்து வரும்போது 2 டிகிரி என்று இருக்கும். நீங்கள் 37.5 வைத்தால் பல்பு 37.5-இல் அணையும், 35.5-க்கு இறங்கிய பிறகே மறுபடி எரியும். 18 நாளும் முட்டை இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் குஞ்சு பலவீனமாகும், பொரிப்பு 19, 20-ஆம் நாள் வரை இழுக்கும். செட் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து பி1-க்குப் போய் 0.3 ஆக்குங்கள். பிறகு சென்சாரையும், மருந்துக்கடையில் விற்கும் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் ஒரே டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பி4-இல் திருத்தலாம்.

37.5 என்பது ஃபேன் ஓடும் பெட்டிக்கு மட்டும். உங்களிடம் ஃபேன் இருக்கிறது, ஆனாலும் இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் எத்தனையோ பேர் முட்டையைக் கொன்றிருக்கிறார்கள். ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலே போய் மூடியடியில் தங்கும், கீழே முட்டை இருக்கும் இடம் குளிர்ந்திருக்கும். அங்கே சென்சாரை மூடியில் தொங்கவிட்டு 37.5 வைத்தால் முட்டைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஃபேன் இல்லையென்றால் சென்சார் முனை முட்டையின் மேல்மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும், அளவு 38.3-லிருந்து 38.9 வரை. முட்டையின் அடிப்பக்கம் அதைவிடக் குறைவாக இருக்கும், இரண்டும் சேர்ந்துதான் நடுவில் 37.5 கிடைக்கும். உங்கள் ஃபேன் நடுவழியில் நின்றுபோனால் நீங்களும் இந்தக் கணக்குக்கு மாற வேண்டும். மறுபடி ஃபேன் ஓடியதும் உடனே 37.5-க்கு இறக்க வேண்டும், மறந்தால் முட்டை வெந்துவிடும்.  

பல்பு விஷயத்தில் எல்இடி வேண்டாம், அதில் போதிய சூடு வராது. 2 குண்டு பல்பு வைத்தது சரி, ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று தாங்கும். கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல், காற்றுத் துளையை விட்டுவிட்டுக் கம்பளி போர்த்துங்கள். 3 மணி நேரம் போனாலும் பெரிய நஷ்டமில்லை. சூடு குறைவதைவிட 39.5-க்கு மேல் ஏறுவதுதான் ஆபத்து. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழி இரவில் மட்டும் பெட்டியைச் சுவரோரத்தில் இருந்து நகர்த்தி அறையின் உட்புறம் வையுங்கள்.

மெஷின் விஷயம். "ஃபுல் ஆட்டோமேட்டிக்" என்று விற்பதில் பல கோழிமுட்டைத் தட்டோடு வரும். அந்தக் குழியில் காடை முட்டை லொடலொடவென்று ஆடும், தட்டு சாய்ந்தாலும் முட்டை சரியாகத் திரும்பாது. வாங்குவதானால் காடைத் தட்டு தனியாக இருக்கிறதா என்று கேட்டு, 2 நாள் வெறும் பெட்டியாக ஓடவிட்டுப் பார்த்து, பிறகு பணம் கொடுங்கள். 100-க்கு 95 பொரிக்கும் என்கிறவர் பொய் சொல்கிறார். நல்ல முட்டையில் வீட்டுப் பெட்டிக்கு 70 வந்தால் அதுவே நல்ல கணக்கு.

மெஷின் விற்றவரே அடுத்து "வளர்த்த காடையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று வருவார். 2012-இல் ஈமு கோழியில் இப்படித்தான் கொங்கு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பணத்தை இழந்தார்கள். காடைக்கு முன்பணம் எதற்கும் தேவையில்லை. யாராவது வயலில் பொறுக்கிய காட்டுக் காடை முட்டை என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள், அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வந்த 11 குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரிக்குக் குறையாத சூடு, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு நிரப்புங்கள், இல்லையென்றால் மூழ்கிச் சாகும். தரையில் செய்தித்தாள் போட்டால் கால் வழுக்கி விரிந்துவிடும், கோணிதான் சரி. ராகிக் குருணை மட்டும் போட்டால் வளராது. காடைத் தீவனம் கிடைக்காவிட்டால் பிராய்லர் குஞ்சுகளின் முதல் தீவனமான ப்ரீ-ஸ்டார்ட்டரை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுத் தூளாக்கிக் கொடுங்கள். இந்த 11-இல் ஆண், பெண் 3 வாரத்திலேயே நெஞ்சைப் பார்த்துத் தெரிந்துவிடும்: ஆணுக்கு நெஞ்சு செம்பழுப்பு நிறம், பெண்ணுக்கு வெளிறிய நெஞ்சில் கரும்புள்ளி. 2 ஆணும் 6 பெண்ணும் தேறினால் அடுத்த முறை முட்டைக்கு யாரிடமும் போக வேண்டியதில்லை. கூடப்பிறந்ததையே சேர்த்தால் பொரிப்பு குறையும், அதனால் ஆண் இரண்டை மட்டும் வேறு பண்ணையில் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.