ஸ்கேன் நோர்மல், நோ மட்டும் அப்படியே இருக்கு – அக்காட்ட கேளுங்கோ

கேள்வி: அன்பின் அக்காவுக்கு, எனக்கு 28 வயது, கோட்டையில ஒரு ஒபிஸில வேலை, இன்னும் கல்யாணமாகேல்ல. சில வருஷமா அடிவயிறு நோகுது. முதல் பீரியட்ஸ் நேரம் மட்டும்தான் இருந்தது, இப்ப மாசத்தில பாதி நாள் இருக்கு, இருந்தாப்போல இடப்பக்கம் கொழுவி இழுக்கிற மாதிரி வரும், சில நாள் முதுகால இறங்கி தொடைக்கும் வரும். காசு கட்டி ஒவ்வொரு டொக்டரா சேனல் பண்ணி சேனல் பண்ணியே களைச்சுப்போனன். ஒருத்தர் காஸ் எண்டார், இன்னொருத்தர் யூரின் இன்ஃபெக்ஷன் எண்டு அன்டிபயோட்டிக் தந்தார், கிருமி இருக்கோ எண்டு பாக்கிற யூரின் கல்ச்சர்ல ஒண்டுமே வரேல்ல. வயித்து ஸ்கேனும் எடுத்தாச்சு, நோர்மல். கடைசியா பாத்த டொக்டர் "ஒண்டுமில்ல பிள்ளை, கல்யாணம் கட்டினா சரியாகும்" எண்டு சொல்லி அமிட்ரிப்டிலின் எண்டு ஒரு குளிசை எழுதித் தந்தார், பாமசிக்காரர் இது மனவருத்தத்துக்கு குடுக்கிறது எண்டு சொல்ல அம்மா வாங்கவே விடேல்ல. கைனகோலொஜிஸ்டிட்ட போறதும் அம்மாக்கு விருப்பமில்ல, தெரிஞ்ச சனம் கண்டா என்ன கதைக்கும் எண்டு பயம். உண்மையா எனக்கு ஒண்டுமில்லையோ அக்கா? நானா கற்பனை பண்ணுறனோ?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, கற்பனை பண்ணுற ஆள் யூரின் கல்ச்சர் வரைக்கும் போய் நிக்கமாட்டா. உமக்கு நோ இருக்கு, அதுக்கு இன்னும் ஒருத்தரும் பேர் வைக்கேல்ல, அவ்வளவுதான். 6 மாசத்துக்கு மேல இடுப்புக்குழியில நோ இருந்தா அதை நாட்பட்ட நோ எண்டு மருத்துவத்திலயே தனியா எடுத்துப் பாப்பினம், பேர் தெரியாட்டிலும் பாப்பினம்.

முதல் அந்த நோர்மல் ஸ்கேன் கதைக்கு வாறன். வயித்துக்கு மேலால வச்சு எடுக்கிற ஸ்கேன்ல சூலகத்தில இருக்கிற சொக்லட் சிஸ்ட் (பழைய ரத்தம் நிரம்பின கட்டி), ஃபைப்ரொயிட் (கர்ப்பப்பைக் கட்டி) மாதிரி உருவா இருக்கிற சாமான் தெரியும். ஆனா எண்டோமெட்ரியோசிஸ், அதான் கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு வெளியால வேற இடங்களில படர்ந்து வளருற வருத்தம், அது சில பேருக்கு சவ்வு மேல சின்னப் புள்ளி புள்ளியாத்தான் இருக்கும், அது எந்த ஸ்கேன்லயும் பிடிபடாம போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின்ர கணக்குப்படி பிள்ளை பெறுற வயசில இருக்கிற பெண்களில சுமார் 10 வீதம், 19 கோடி பேருக்கு இது இருக்கு. கண்டுபிடிக்க கனபேருக்கு வருஷக்கணக்கா போகுது, அதுக்கு ஒரு காரணம் நீர் எழுதினதேதான், காஸ், இன்ஃபெக்ஷன், கல்யாணம். உமக்கு பீரியட்ஸ் நோவா தொடங்கி மற்ற நாளுக்கும் பரவினது எண்டு எழுதியிருக்கிறீர், அதால இதை யோசிக்கத்தான் வேணும். அதுக்காக இதுதான் எண்டு நான் இங்க இருந்து சொல்ல ஏலாது, நான் டொக்டர் இல்ல, வார்டில வேலை செய்த ஆள் மட்டும்தான்.

ஏனெண்டா அந்த இடத்தில கர்ப்பப்பை மட்டும் இல்லையே. சலப்பை நிறைய நிறைய நோ கூடி, போயிட்டு வந்தா குறையுது, கல்ச்சர் ஒவ்வொரு முறையும் கிளியரா வருது எண்டா சலப்பை நோ எண்டு ஒண்டு இருக்கு, அதுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது, பிளேன்டீயும் தேசிக்காயும் சில பேருக்கு அதை கிளப்பியும் விடும். வயித்தாலை போறதோட நோ மாறுது எண்டா குடல் பக்கம் பாக்கவேணும். படுத்தபடி தலையை மட்டும் தூக்கேக்க நோகிற இடம் இன்னும் கூட நோகுதா எண்டு டொக்டர் கையால அமத்திப் பாப்பார், கூடினா உள்ளுக்க இல்லாம வயித்துத் தசையிலயோ அதில ஓடுற நரம்பிலயோ பிரச்சினை இருக்கலாம், ஒரு நிமிஷ வேலை இது, ஆனா ஒரு பின்னேரம் நம்பர் அம்பது அறுபது எண்டு ஓடுற சேனல் ரூமில ஆருக்கு நேரம். இன்னொண்டு இடுப்பின்ர அடித்தசை. வருஷக்கணக்கா நோவுக்கு பயந்து இறுக்கிப் பிடிச்சு பிடிச்சு அந்தத் தசையே நோகத் தொடங்கிடும். இதுக்கு இன்டர்நெட்ல பாத்து இறுக்கிற பயிற்சி செய்யாதேங்கோ, இறுகின தசையை மேலும் இறுக்கினா கூடத்தான் செய்யும், தளர்த்திற பயிற்சிதான் வேணும். பெரியாஸ்பத்திரியில பிசியோதெரபி இருக்கு, ஆனா இந்தத் தசையில பழகினவை ஆர் எண்டு கேட்டுப் போங்கோ.

இப்ப அந்தக் குளிசை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு குடுக்கிற மருந்துதான், அதை மறைக்கத் தேவையில்ல. ஆனா நரம்பு நோவுக்கு அதைவிட நல்லாக் குறைஞ்ச அளவில கனகாலமா குடுத்து வருகினம். நோ நீளமா இருந்தா முள்ளந்தண்டும் மூளையும் உசாராயிடும், ஒருக்கா கள்ளன் வந்த வீட்டு நாய் பிறகு காத்துக்கு கதவு ஆடினாலும் குரைக்கிற மாதிரி. அந்த உசாரை தணிக்கத்தான் மருந்து. வாய் காயும், நித்திரை வரும், அதால இரவில எடுக்கச் சொல்லுவினம். எல்லாருக்கும் வேலை செய்யும் எண்டும் இல்ல. கபாபென்டின் எண்டு இன்னொரு நரம்பு மருந்து, அதையும் இப்பிடி குடுத்துக்கொண்டுதான் இருந்தவை, 2020ல லான்செட் சஞ்சிகையில வந்த பிரிட்டன் ஆய்வொண்டில வயித்துக்குள்ள கமெரா விட்டுப் பாத்தும் ஒண்டும் தெரியாத 306 பெண்களில பாதிப்பேருக்கு அதையும் மற்றவைக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் குடுத்துப் பாக்க, நோவில வித்தியாசம் வரேல்ல, தலைச்சுத்தும் தூக்கமும்தான் கூடினது. அதால ஆரும் அதை எழுதித் தந்தா ஏன் எண்டு கேளுங்கோ, கேக்கிறது மரியாதையீனம் இல்ல. எனக்கு கோவம் வாறது அந்த டொக்டர் எழுதின மருந்தில இல்ல, ஒரு வரி விளக்கம் சொல்லாம கல்யாணத்தை மருந்தா எழுதினதிலதான். கல்யாணம் ஒரு வருத்தத்துக்கும் மருந்தில்ல, பிள்ளைப்பேறும் இல்ல.

அடுத்தது என்ன செய்யிறது. ஒரு கொப்பி வாங்கி தினமும் ரெண்டு வரி எழுதும், பீரியட்ஸ்ல எத்தினையாவது நாள், நோ எங்க, பத்துக்கு எத்தினை, சலம், மலம், என்ன குளிசை எடுத்தது, அண்டைக்கு வேலைக்குப் போனீரோ இல்லையோ. ரெண்டு மூண்டு மாசம் காணும். வாயால "எப்பவும் நோகுது டொக்டர்" எண்டு சொல்லேக்க கேக்காத ஆக்கள் கொப்பியில லீவு போட்ட நாளை கண்டா நிமிர்ந்து பாப்பினம், இதை நான் கண்ணால கண்டிருக்கிறன். சிங்களத்திலயோ இங்கிலீஷிலயோ விளக்க கஷ்டம் எண்டா கூட வேலை செய்யிற பிள்ளை ஒண்டைக் கொண்டு அரைப்பக்கம் எழுதுவிச்சுக் கொண்டு போம். பழைய ரிப்போட் எல்லாம் ஒரே ஃபைலில.

பிறகு ஒரே ஒரு விஓஜியை, அதான் பெண்நோய் டொக்டரை, பிடிச்சு அவரிட்டயே தொடர்ந்து போம். ஆளுக்கு ஆள் மாத்தினா ஒவ்வொருத்தரும் முதல் பக்கத்திலயே நிப்பினம். சேனல் காசு முடியேல்ல எண்டா அவர் எந்த அரசாங்க ஆஸ்பத்திரியில எந்த நாள் கிளினிக் செய்யிறார் எண்டு கேளும், கொழும்பில டி சொய்சா, காசல் ஸ்ட்ரீட் ரெண்டும் பெண்களுக்கெண்டே இருக்கிற ஆஸ்பத்திரி, காசில்ல, காத்திருக்கத்தான் வேணும். கல்யாணமாகாத பிள்ளை எண்டா உள்வழி ஸ்கேனும் உள்பரிசோதனையும் உமக்கு விருப்பமில்லாம ஒருத்தரும் செய்ய ஏலாது. வேண்டாம் எண்டு சொல்லலாம், எம்ஆர்ஐ மாதிரி வேற வழி இருக்கு. ஸ்கேன்ல தெரியாத எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாமோ எண்டு நீரே வாய்விட்டு கேளும்.

முந்தி லப்பரோஸ்கோப்பி, அதான் தொப்புளடியில சின்ன ஓட்டை போட்டு கமெரா விட்டுப் பாக்கிறது, அது செய்தாத்தான் பேர் சொல்லலாம் எண்டு இருந்தது. 2022ல வந்த ஐரோப்பிய வழிகாட்டல் அதை மாத்திட்டுது, அறிகுறியை வச்சே மருந்து தொடங்கலாம், மருந்து சரிவராட்டி பிறகு கமெரா. நாட்பட்ட நோவுக்கு கமெரா விட்டவையில மூண்டில ஒரு பங்கில இருந்து பாதிப்பேர் வரைக்கும் உள்ளுக்க ஒண்டும் தெரியிறதில்ல எண்டதையும் தெரிஞ்சு வையும், இல்லாட்டி முழிச்சு எழும்பி "ஒண்டுமில்ல"யை திரும்ப கேக்கேக்க உடைஞ்சு போவீர். நான் உம்மட்ட திரும்பத்திரும்ப சொல்ல நினைக்கிறது இதுதான், பேர் தேடுறது ஒரு பக்கம் நடக்கட்டும், நோ குறைக்கிற வைத்தியம் அதுக்கு காத்திருக்கத் தேவையில்ல. ஹோர்மோன் குளிசை தந்தா அம்மா கட்டாயம் பயப்பிடுவா, குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையெல்லோ எண்டு. ஓம், சில நேரம் அதேதான், ஆனா அது பிள்ளை பெறுற சக்தியை அழிக்காது, நிப்பாட்டினா திரும்ப வரும். தலையிடி வரமுதல் கண்ணுக்க வெளிச்சம் அடிக்கிறது, பிரஷர், காலில ரத்தக்கட்டி இருந்தா முன்கூட்டியே சொல்லும்.

அம்மாட்ட இந்தப் பக்கத்தை வாசிக்கக் குடும். சனம் கதைக்கிறதெண்டா ஸ்கேன் எடுக்காட்டியும் கதைக்கும். திடீரெண்டு தாங்க ஏலாத நோ, மயக்கம், காய்ச்சலோட நோ, சலத்திலயோ மலத்திலயோ ரத்தம், காரணமில்லாம மெலியிறது, இதில எது வந்தாலும் கொப்பி எழுதிக்கொண்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு போம், 1990 அம்புலன்ஸுக்கு காசில்ல. நோவால மனசு உடைஞ்சு வாழ்க்கையே வெறுத்தா 1926 மனநல உதவி லைனுக்கு எடுத்துக் கதையும், அது இரவிலயும் எடுப்பினம்.

கேள்வி: அக்கா, நான் ஆம்பள, 41 வயசு, த்ரீவீல் ஓட்டுறேன். பொம்பளைங்களுக்கு மட்டும்தான் இந்த வலியா? எனக்கு ஆசனவாய்க்கும் விதைக்கும் நடுவுல ஒரு வருஷமா வலி, ஒக்காந்தா கூடுது. ப்ரொஸ்டேட்டுன்னு அன்டிபயோட்டிக் மூணு கோர்ஸ் முடிச்சாச்சு. வீட்டுல சொல்லவும் வெக்கமா இருக்கு.
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தம்பி, ஆம்பிளையளுக்கும் வரும், வெக்கத்தில சொல்லாததால கணக்கில வாறதில்ல. ப்ரொஸ்டேட் அழற்சி எண்டு சொல்லுறதில பெரும்பாலும் கிருமியே இருக்கிறதில்ல, அதால கல்ச்சர் எடுத்துப் பாக்காம நாலாவது கோர்ஸுக்கு போகாதேங்கோ. யூரோலொஜி கிளினிக்குக்கு போய் கிருமி வந்ததா எண்டு நேரடியா கேளுங்கோ. பாலியல் தொற்று சந்தேகம் கொஞ்சம் எண்டாலும் இருந்தா டி சேரம் பிளேஸில அரசாங்க கிளினிக் இருக்கு, இலவசம், ரகசியம் காப்பினம். மற்றபடி உங்கட வேலையே நாள் முழுக்க அந்தத் தசைக்கு மேல குந்தியிருக்கிற வேலை. ஒவ்வொரு ஹயருக்குப் பிறகும் இறங்கி நாலு எட்டு நடவுங்கோ, மேல சொன்ன தளர்த்திற பயிற்சி உங்களுக்கும்தான். மனுசிட்ட சொல்லுங்கோ. நீங்க ஏன் முகத்தை தூக்கிக்கொண்டு திரியிறீங்க எண்டு அவ வேற எதையோ யோசிச்சுக்கொண்டு இருப்பா.

கேள்வி: என்ர மகளுக்கு 15 வயது. ஒவ்வொரு மாசமும் ரெண்டு நாள் ஸ்கூல் போகமாட்டா, சத்தியும் எடுப்பா. எங்கட காலத்தில நாங்களும் இப்பிடித்தானே இருந்தனாங்க, வெந்தயம் குடிச்சு சமாளிச்சம். இதுக்கெல்லாம் டொக்டரோ?
– தாய், தெஹிவளை

பதில்: ஓம், டொக்டர்தான். ஸ்கூல் தவறுற அளவு நோ எண்டா அது சும்மா பீரியட்ஸ் நோ எண்டு விடுற நோ இல்ல. வெந்தயம் குடுங்கோ, சுடுதண்ணிப் போத்தலும் வையுங்கோ, ரெண்டும் கெடுதல் இல்ல. மெஃபெனமிக் அசிட் மாதிரி குளிசை டொக்டர் எழுதித் தந்தா நோ உச்சத்துக்கு ஏறினாப்பிறகு குடுத்து பிரயோசனமில்ல, தொடங்கின உடனேயே சாப்பாட்டோட குடுக்கவேணும். ஆஸ்துமா, அல்சர் இருந்தா முதல்லயே சொல்லுங்கோ. அதோட காய்ச்சல் இருக்கேக்க அந்தக் குளிசையை தொடவே வேண்டாம், எங்கட ஊரில டெங்கு இருக்கு, ரத்தம் கசிய வச்சிடும், காய்ச்சலுக்கு பனடோல் மட்டும். மூண்டு மாசம் இப்பிடிக் குடுத்தும் பிள்ளை படுக்கையிலதான் எண்டா விஓஜிட்ட கூட்டிக்கொண்டு போங்கோ, போகேக்க அவ ஸ்கூல் போகாத நாளெல்லாம் ஒரு துண்டில எழுதிக்கொண்டு போங்கோ.