மஞ்சள் குழாய்க்குள் ஓர் உளுவை

வணக்கம் ஐயா,

பெலீஸ் நாட்டுப் பவளப்பாறையில் எடுத்த காணொளியில், மஞ்சள் குழாய்போல் நின்ற கடற்பஞ்சின் வாயிலிருந்து கோடு போட்ட சிறு மீன் ஒன்று எட்டிப் பார்த்தது. அது பஞ்சைத் தின்று வாழ்கிறதா? இரண்டையும் என் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கலாமா?
— க.

அன்புள்ள க.,

அது பெரும்பாலும் எலகாட்டினஸ் லோரி. உளுவைக் குடும்பம், விரல் நீளம்கூட வளராது. பஞ்சை அது தின்பதில்லை. பஞ்சின் திசுவுக்குள் நெளியும் ஹாப்லோசிலிஸ் புழுக்கள்தான் அதன் இரை. முட்டைகளும் குழாயின் உட்சுவரிலேயே ஒட்டியிருக்கும், ஆண் மீன் காவல் காக்கும்.

பஞ்சை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அது சுவரின் நுண்துளைகளால் நீரை இழுத்து, பாக்டீரியா அளவுள்ள உணவை வடித்துக்கொண்டு, மேல்வாய் வழியே விடுகிறது. ஒருமுறை நீருக்கு வெளியே தூக்கினாலே காற்று உள்ளே புகுந்து கால்வாய்களை அடைத்துவிடும், அந்தப் பகுதி அழுகும். தப்பினாலும், வடிகட்டி ஓடும் சுத்தமான தொட்டியில் மெல்லப் பட்டினி கிடந்து சாகும். அழுகும் பஞ்சு விடும் அம்மோனியா 60 லிட்டரில் மீனையும் கொன்றுவிடும்.

குழாய்தான் வேண்டுமென்றால் அரை அங்குல பிவிசி போதும். பத்து சென்டிமீட்டர் துண்டின் ஒரு முனையை மூடி, நிமிர்த்தி நிறுத்துங்கள். உள்ளே ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிச் செருகினால், முட்டையிட்டபின் தாளோடு உருவி எடுக்கலாம். நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. மூடி அவசியம், இவை துள்ளி வெளியே விழும். இரண்டு ஆண் சேர்ந்தால் சண்டைதான். அளவில் வேறுபட்ட இரு குஞ்சுகளாக வாங்குங்கள், துரத்தல் ஓயாவிட்டால் ஒன்றைப் பிரித்துவிடுங்கள்.

முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் பொரியும். முதல் நாட்களில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை மட்டும் கொடுங்கள். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் குஞ்சு அந்த வாய்க்குப் பெரிது, அவசரப்பட்டால் உணவு மிதந்துகொண்டிருக்கும்போதே லார்வாக்கள் பசியில் சாகும்.

கடலில் பிடித்த லோரியைத் தேடாதீர்கள். பெலீஸில் பெற்றோரையும் குஞ்சுகளையும் மரபணுவால் பொருத்திப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக் குஞ்சுகள் பெற்றோரிடமிருந்து 1.7 கிலோமீட்டருக்குமேல் விலகிச் செல்லவில்லை. ஒரு பாறையைக் காலி செய்தால் தொலைவிலிருந்து வந்து நிரப்ப அதிகம் பேர் இல்லை. பண்ணையில் பொரித்த நியான் கோபி என்ற உளுவையைக் கேளுங்கள். அது பஞ்சில் வாழும் இனமல்ல, பெரிய மீன்களின் ஒட்டுண்ணியைக் கொத்தும் துப்புரவு மீன். ஆனாலும் இதே பிவிசி துண்டில் குடியேறி முட்டையிடும்.