காப்பி பண்ணிட்டு எடிட் பண்ணாதீங்க

கேள்வி: நிறைய ஃபோல்டர் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரே பேர்ல ஒரு கான்ஃபிக் ஃபைல் வேணும், ஆனா உள்ள ஒரு வரில மட்டும் அந்தந்த ஃபோல்டர் பேரு வரணும். மாஸ்டர் ஃபைல சிபி (cp, காப்பி பண்ற கமாண்ட்) போட்டு எல்லாத்துக்கும் காப்பி பண்ணி, அப்புறம் செட் (sed, ஃபைல்ல இருக்குற வார்த்தைய தேடி மாத்துறது) கமாண்ட்ல மாத்தி '>' போட்டு அதே ஃபைல்லயே எழுதுற மாதிரி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓட்டிப் பாத்தா ஃபைல் எல்லாம் ஜீரோ பைட், பேர்ல ஸ்பேஸ் இருக்குற ஃபோல்டருக்கு எதுவுமே போகல. எங்க தப்பு?

பதில்: ரெண்டும் வேற வேற தப்பு. ஃபைல் காலியானதுக்கு செட் காரணமே இல்ல. '>' இருந்தா கமாண்ட ஓட்டுற ஷெல்தான் முதல்ல அந்த ஃபைல திறந்து உள்ள இருக்குறத மொத்தமா அழிக்கும், அதுக்கப்புறம்தான் செட் ஓட ஆரம்பிக்கும், அது படிக்க வர்றப்ப அங்க ஒண்ணும் இருக்காது. எரரும் வராது, அதனாலதான் இது ரொம்ப ஆபத்து.

உண்மைய சொல்லணும்னா உங்க வேலைக்கு சிபி தேவையே இல்லங்க. லூப்புக்குள்ள செட் மாஸ்டர் ஃபைலயே படிக்கட்டும், '>' போட்டு அந்தந்த ஃபோல்டர்ல இருக்குற ஃபைலுக்கு எழுதட்டும், காப்பியும் எடிட்டும் ஒரே வரில முடிஞ்சிடும். மாஸ்டர் தொடப்படாம இருக்கும், எத்தன தடவ ஓட்டினாலும் அதே ரிசல்ட்தான், பாதில நின்னாலும் பயமில்லாம திரும்ப ஓட்டலாம். ஒவ்வொரு ஃபைலும் உள்ள வேற வேறயா இருந்தா மட்டும் டெம்ப் ஃபைலுக்கு எழுதி '&&' போட்டு எம்வி (mv, ஃபைல நகத்துற கமாண்ட்) பண்ணுங்க, செட் சரியா முடிஞ்சா மட்டும்தான் எம்வி ஓடும், ஃபெயிலானா பழைய ஃபைல் அப்படியே தப்பிச்சிடும்.

ஸ்பேஸ் பிரச்சனைக்கு வருவோம். எல்எஸ் (ls, உள்ள இருக்குற பேரெல்லாம் காட்டுற கமாண்ட்) அவுட்புட்ட லூப்ல விட்டா ஸ்பேஸ் வர்ற இடத்துல எல்லாம் பேரு துண்டாகும். அதுக்கு பதிலா '*/' போடுங்க, ஃபோல்டர் மட்டும்தான் வரும் (புள்ளில ஆரம்பிக்கிற மறைவு ஃபோல்டர் வராது), வேரியபிள் எங்க வந்தாலும் டபுள் கோட்ஸ் போடுங்க, கடைசில ஒட்டிட்டு வர்ற '/' குறிய வெட்டிட்டு பேர செட்டுக்கு குடுங்க. பேர்ல '&' இருந்தா அதுக்கு முன்னாடி '\' சேக்கணும், இல்லன்னா தேடின வார்த்தையே அந்த இடத்துல திரும்ப வந்து நிக்கும்.

ஓட்டுறதுக்கு முன்னாடி எகோ (echo, குடுத்தத அப்படியே பிரிண்ட் பண்ற கமாண்ட்) வெச்சு ஒரு ட்ரையல் பாக்குறது நல்ல பழக்கம், ஆனா அந்த செட் வரிக்கு முன்னாடி சும்மா எகோ சேத்தா '>' அப்பவும் வேலை செஞ்சு ஃபைல அழிச்சிடும், அதனால எழுதப்போற ஃபைல் பேர மட்டும் தனியா பிரிண்ட் பண்ணிப் பாருங்க.

கேள்வி: லினக்ஸ்ல ஓடுற செட் மைனஸ் ஐ (sed -i, அதே ஃபைல்லயே மாத்துறது) மேக்ல எரர் அடிக்குதே?

பதில்: செட்ல ரெண்டு வகை, லினக்ஸ்ல இருக்குறது குனு (GNU) செட், மேக்ல பிஎஸ்டி (BSD) செட். மேக்ல மைனஸ் ஐக்கு பின்னாடி பேக்கப் எக்ஸ்டென்ஷன் கட்டாயம், குனுல இஷ்டம்தான். இடைவெளி விடாம ஒட்டி ஒரு எக்ஸ்டென்ஷன் (-i.bak மாதிரி) குடுத்தா ரெண்டுலயும் ஓடும், பேக்கப்பும் கெடைக்கும். ஒண்ணு மட்டும் கவனிங்க, குனு செட்ட சிம்லிங்க் (வேற ஃபைல சுட்டிக் காட்டுற லிங்க்) மேல இப்படி ஓட்டினா லிங்க் போயி அது சாதா ஃபைலா ஆயிடும், ஒரிஜினல் மாறாது.