நாணயத்தில் யார் பெயர்?

கேள்வி: 1258இல் மங்கோலியர் பாக்தாதைச் சூறையாடி, முஸ்லிம் உலகின் தலைவராகக் கருதப்பட்ட கலீஃபாவைக் கொன்ற பிறகும், தில்லி சுல்தான்கள் அவருடைய பெயரையே நாணயங்களில் பொறித்து வந்ததாகப் படித்தேன். இறந்தவரின் பெயர் எதற்கு? மார்க்க அறிஞர்களின் சொல் தில்லி அரசவையில் எந்த அளவுக்கு எடுபட்டது?

பதில்: தில்லி அரியணைக்குப் பரம்பரை உரிமை என்று உறுதியாக ஒன்று இருந்ததில்லை. அடிமையாக விலைக்கு வாங்கப்பட்டு, படைத்தலைவராக உயர்ந்து அரசரானவர் இல்துமிஷ். வாளால் பெற்ற அரியணையை இன்னொருவர் வாளால் பறிக்க முடியும் என்பதை அவர் நன்கு அறிவார். ஆகவே 1229இல் பாக்தாத் கலீஃபா அல்-முஸ்தன்சிரின் அங்கீகாரப் பட்டயமும் மரியாதை அங்கியும் வந்து சேர்ந்தது, அவருக்கு ஒரு பெரும் படை வந்து சேர்ந்ததற்கு ஒப்பானது. வெள்ளிக்கிழமைத் தொழுகையின் உரையான குத்பாவில் யார் பெயர் ஓதப்படுகிறது, நாணயத்தில் யார் பெயர் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தே அன்றைய மக்கள் ஆட்சியுரிமை யாருடையது என்று அறிந்தனர். கலீஃபா அல்-முஸ்தஃசிம் கொல்லப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகி, ஜலாலுத்தீன் கில்ஜி அரியணை ஏறிய பின்னரும் அந்தப் பெயர் நீங்காமல் இருந்ததற்கு, அதற்கு மாற்றாகத் தில்லி ஏற்றுக்கொண்ட வேறு பெயர் இல்லாததே காரணம் என்பது என் கருத்து.

மார்க்க அறிஞர்களான உலமாக்களுக்கு நீதிமன்றங்களிலும் கல்விக்கூடங்களிலும் செல்வாக்கு இருந்தது. ஆயினும் அவர்களுடைய பதவியும் ஊதியமும் சுல்தானின் கையில் இருந்தன. தக்காணத்துத் தேவகிரி மீது படையெடுத்தபோது கிடைத்த செல்வம் யாருக்குரியது என்று அலாவுத்தீன் கில்ஜி கேட்டபோது, படையின் வலிமையால் வந்த பொருள் பொதுக் கருவூலத்துக்கே உரியது என்று காஜி (நீதிபதி) முகீஸுத்தீன் அஞ்சாமல் சொன்னதாக வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரனி எழுதுகிறார். சட்டப்படி சரியா தவறா என்று தமக்குத் தெரியாது, அரசுக்கு நன்மை என்று பட்டதையே ஆணையிடுவதாக சுல்தான் பதிலளித்தாராம். பரனி பல ஆண்டுகள் கழித்து எழுதியவர் என்பதால் அந்தச் சொற்களை அப்படியே ஏற்க நான் தயங்குகிறேன். ஆனால் சந்தை விலைகளைக்கூடத் தம் ஆணையால் கட்டுப்படுத்திய அந்த அரசரின் போக்கு அதில் பிசகாமல் வெளிப்படுகிறது.

சூஃபி ஞானியரின் நிலை வேறு. அவர்களில் ஒருவரான நிஜாமுத்தீன் அவுலியா தில்லியை அடுத்த கியாஸ்பூரில் இருந்துகொண்டே அரசவைக்குச் செல்வதைத் தவிர்த்தார். அவருடைய அன்புச் சீடர் அமீர் குஸ்ரோவோ அரசவைக் கவிஞராக இருந்தார். அரண்மனையை நாடாத ஒருவரிடம் மக்கள் திரண்டு சென்றது சில சுல்தான்களை உறுத்தியது. கியாசுத்தீன் துக்ளக் ஆட்சியில், நிஜாமுத்தீனின் இசை வழிபாடு மார்க்கத்துக்கு உகந்ததா என்று விசாரிக்க அறிஞர் அவையே கூட்டப்பட்டது.

பின்னாளில் முகமது பின் துக்ளக், கிளர்ச்சிகள் பெருகிய காலத்தில், தம் பெயரை நீக்கிவிட்டுக் பாக்தாத் கலீஃபாக்களின் அப்பாசிய மரபில் வந்து கெய்ரோவில் வாழ்ந்த கலீஃபா அல்-முஸ்தக்ஃபியின் பெயரை நாணயங்களில் பொறித்தார். அந்தக் கலீஃபாவும் 1340இலேயே இறந்துவிட்டார். அதன் பிறகும் சில ஆண்டுகள் தில்லியில் அவர் பெயராலேயே நாணயங்கள் அச்சிடப்பட்டன.