கிளாட் (தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு) மாதிரித் தேர்வில் 40-ஐத் தாண்ட முடியவில்லை. ஆங்கிலப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. இரண்டு மாதத்தில் மதிப்பெண்ணை உயர்த்த முடியுமா?

முடியும். நான் 23.25-இல் தொடங்கியவள்.

உங்கள் ஊர் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 'ஆங்கிலப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது' என்ற வரியைப் பார்த்ததும் தமிழ்வழியில் படித்தவர் என்று எடுத்துக்கொண்டேன். நானும் அப்படித்தான். நீடாமங்கலம் பக்கம், அரசுப் பள்ளி. அப்பாவுக்கு எட்டு மா நிலம், இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல்.

2023 டிசம்பர் 3 அன்று நடந்த தேர்வை எழுதினேன். 150 கேள்விகளாக இருந்ததை 120 ஆகக் குறைத்த முதல் தேர்வு அது. நேரம் அதே இரண்டு மணிதான். செப்டம்பர் கடைசியில் முதல் மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்தேன். 117 கேள்விகளுக்குப் பதில் குறித்திருந்தேன். 42 சரி, 75 தவறு. ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போக, கையில் நின்றது 23.25.

அடுத்த வாரமே நான்கு மாதிரித் தேர்வுகளை அடுத்தடுத்து எழுதினேன். நான்கிலும் முப்பதைத் தொடவில்லை. நீங்களும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நிறுத்துங்கள். எழுத எழுதத் தானாக ஏறிவிடும் என்பது பொய்.

அப்பாவின் பழைய நெல் கணக்கு நோட்டில் பின்பக்கம் முப்பது தாள் காலியாக இருந்தது. முதல் தேர்வின் 75 தவறுகளையும் அதில் ஒவ்வொன்றாக எழுதி, ஏன் தவறினேன் என்று பக்கத்தில் குறித்தேன். மூன்று நாள் ஆயிற்று. பத்தியைச் சரியாகப் படிக்காமல் விட்டது 18. நேரமில்லாமல் குத்துமதிப்பாகக் குறித்தது 26. மீதி 31 கேள்விகளில், பத்தியில் இல்லாத என் சொந்த எண்ணத்தை வைத்துப் பதில் சொல்லியிருந்தேன். ஆங்கிலம்தான் என்னைக் கவிழ்க்கிறது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

சட்டப் பகுதியில் வந்த ஒரு கேள்வியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவன், அது வெளியேறி அடுத்தவருக்குச் சேதம் செய்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பாவான். இயற்கைப் பேரிடரால் நேர்ந்தால் மட்டும் விலக்கு. இதுதான் பத்தி தந்த விதி. 1868-இல் இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில் உறுதியான கொள்கை. கேள்வியில் ஒருவன் குளம் வெட்டி நீர் தேக்குகிறான். யாரும் கண்டிராத மழை பெய்து கரை உடைகிறது. பக்கத்து வயல் மூழ்குகிறது. அவன் பொறுப்பா?

பொறுப்பு என்று குறித்தேன். விடைத்தாள் இல்லை என்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஏழாவது படிக்கும்போது மேல்வயல்காரர் தன் வயலில் நின்ற மழைத்தண்ணீரை வடியவிட, இரவோடு இரவாக எங்கள் பக்கத்து வரப்பை வெட்டிவிட்டார். நட்டு ஒன்பது நாளான சம்பாப் பயிர் முழுகிப்போனது. கேள்வியில் வந்த குளத்துக்காரன் எனக்கு அந்த மனிதராகவே தெரிந்தான். விடைதான் தவறு என்று அப்பாவிடம் போய்த் தமிழில் விளக்கினேன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "மழையில் உடைந்ததா, அவன் வெட்டிவிட்டானா? கேள்வியில் என்ன போட்டிருக்கிறது?"

மழை என்றுதான் போட்டிருந்தது.

அடுத்த மாதம் வேறொரு தாளில் கிட்டத்தட்ட அதே கதை, நீருக்குப் பதில் விஷவாயு. ஆனால் அந்தப் பத்தி தந்தது, தில்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப் பொறுப்பு விதி. அதில் விலக்கே கிடையாது. முந்தைய கேள்வியை நினைத்துக்கொண்டு பேரிடர் விலக்கைக் குறித்திருந்தால் மறுபடி தவறியிருப்பேன். உங்கள் நியாய உணர்ச்சி, முன்பு படித்த சட்டம் இரண்டையும் வெளியே வைத்துவிட்டுப் பத்தியிடம் மட்டும் கேளுங்கள். சட்டப் பகுதியில் எனக்கு ஏறிய மதிப்பெண்களில் பெரும்பங்கு இதனால் வந்ததுதான்.

ஆங்கிலத்துக்கு நான் செய்தது: ஏற்கெனவே தமிழில் தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படித்தேன். அந்த ஆண்டு ஜூன் 12-இல் திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10-இல் மூடிவிட்டார்கள். வீட்டில் வேறு பேச்சே இல்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த 192 டி.எம்.சி. தண்ணீர் 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் 177.25 ஆகக் குறைந்த கதை திண்ணையிலேயே எனக்குத் தெரியும். ஆகவே காவிரி பற்றிய ஆங்கிலத் தலையங்கங்களை அகராதி இல்லாமல் படிக்க முடிந்தது. அங்கே பிடித்த சொற்கள் மற்றப் பத்திகளிலும் கைகொடுத்தன. உங்களுக்குக் காவிரி இல்லையென்றால் வேறு ஏதாவது இருக்கும்.

பிறகு வாரத்துக்கு ஒரே ஒரு மாதிரித் தேர்வு. ஞாயிறு பிற்பகல் 2 முதல் 4 வரை, உண்மைத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில். சாப்பிட்டதும் கண் சொக்குகிற நேரம் அது, பழகத்தான் வேண்டும். மற்ற ஆறு நாளும் அந்தத் தாளின் தவறுகளோடுதான் இருந்தேன். நவம்பர் கடைசியில் 96 கேள்விகளுக்கு மட்டும் பதில் குறித்தேன். 75 சரி, 21 தவறு, 69.75.

பயிற்சி மையம் வீண் என்று நான் எங்கும் சொல்லவில்லை. பணம் இருப்பவர்கள் தாராளமாகச் சேரட்டும். 'நீ என்ன முதல் நூறு இடத்திலா வந்தாய்' என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: இல்லை. தமிழ்நாட்டு மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில், மூன்றாவது பட்டியலில், திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. எனக்கு அது போதும்.

ஏன் சட்டம் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஒவ்வொரு அறுவடைக்கும் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவைத்து இரவும் பகலும் காவல் கிடக்கிறோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. சரி, விதி இருக்கட்டும். காய்ந்த நெல்லை வரிசையில் போட்டுவைத்து, அது பனியில் நனைந்த பிறகு கருவியை வைத்து 'ஈரம்' என்றால் அது யார் பொறுப்பு? 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கையில் வைத்தால் அதே ஈரம் எப்படிக் காய்கிறது? அப்பா ஒருநாளும் எதிர்த்துக் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த வாரமும் அங்கேயே படுத்துக்கிடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் கடைசி மாதிரித் தாளில் எத்தனை தவறு, அதில் எத்தனை சொந்த எண்ணத்தால் வந்தது என்று எண்ணிவிட்டுக் கீழே எழுதுங்கள். மொத்த மதிப்பெண் வேண்டாம், அந்த எண் மட்டும் போதும். பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.